ஸ்டார்ட் செய்யாமல் வாங்கிய கூட்ஸி: ஒரு 850 டி3 மீண்டு வந்த விவரம்

நெடுநாள் நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளை விற்கிறவர்கள் சொல்லும் வாசகம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "நிறுத்தும்போது நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்தது." பெரும்பாலும் அது பொய்யாக இருக்காது. இங்கே எழுதப்போகும் 1976-ஆம் வருடத்து இத்தாலிய மோட்டார் சைக்கிளான மோட்டோ கூட்ஸி 850 டி3-யைப் பற்றியும் அதைத்தான் சொன்னார்கள். ஒரு நல்ல பேட்டரியை மாட்டி, கார்புரேட்டருக்குக் கொஞ்சம் புதுப் பெட்ரோல் காட்டியிருந்தால் அன்றைக்கே அந்தக் கொட்டகைக்குள் இன்ஜின் ஓடியிருக்கும். அப்படி ஓட்டிப் பார்த்திருந்தால், சிலிண்டரோடு முடிய வேண்டிய செலவு கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வரை போயிருக்கும். அன்றைக்கு ஸ்டார்ட் பட்டனைத் தொடாமல் இருந்ததுதான் இந்த வண்டியில் நடந்த மிகப் பெரிய ரிப்பேர் என்பேன். மற்றதெல்லாம் பொறுமையும் பணமும்.

வண்டி என் நண்பருடையது. இருவரும் வேலை நிமித்தம் மிலான் பக்கம் இருக்கிறோம். வாங்கப் போனபோதும், கழற்றியபோதும், திரும்பப் பூட்டியபோதும் கூடவே இருந்தேன். நண்பருக்கு ஊரில் புல்லட் கழற்றிப் பழகிய கை. இத்தாலிய வண்டி இதுதான் முதல். முதல் வண்டிக்கு இதைத் தேர்ந்தெடுத்தது சரிதானா என்று ஆரம்பத்தில் எனக்கும் சந்தேகம் இருந்தது.

ஏன் கூட்ஸி?

அதே 70-களின் டுகாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெவல் கியர் வைத்த அந்த வி-ட்வின் இன்ஜின் பார்க்க நகைபோல இருக்கும். ஆனால் அதன் கிராங்க் அழுத்திப் பொருத்திய துண்டுகளால் ஆனது, உள்ளே ரோலர் பேரிங். பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் முனை) போய்விட்டால் கிராங்கையே பிரித்துச் சேர்க்க வேண்டும்; பெவல் கியர்களுக்கு ஷிம் வைத்து இடைவெளி சரிபார்ப்பது தனி வித்தை. வீட்டு கராஜில் வார இறுதியில் செய்கிற வேலை இல்லை அது. கூட்ஸியின் பெரிய ட்வின் அப்படியில்லை. ஒரே துண்டுக் கிராங்க், கார் இன்ஜினைப் போல சாதாரண ஷெல் பேரிங், புஷ் ராடு, சிலிண்டருக்கு இரண்டு வால்வு. கிராங்க் வண்டியின் நீளவாக்கில் படுத்திருப்பதால் இரண்டு சிலிண்டரும் இடமும் வலமுமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற பெட்ரோல் டேங்கைக்கூட எடுக்க வேண்டியதில்லை.

கோமோ ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள மாண்டெல்லோ டெல் லாரியோவில் 1921 முதல் இயங்குகிறது கூட்ஸியின் தொழிற்சாலை. 90 டிகிரி வி-ட்வினை வடிவமைத்தவர் ஜூலியோ சேசரே கர்கானோ. வி7 மாடலில் 1967-இல் விற்பனைக்கு வந்தது. அந்த உயரமான இன்ஜினைத் தாழ்ந்த, இறுக்கமான சட்டத்துக்குள் (ஃபிரேம்) அடக்கியவர் லீனோ டோன்ட்டி, 1971-இன் வி7 ஸ்போர்ட்டில். 850 டி3 1975-இல் வந்தது. 844 சிசி, ஐந்து கியர், செயினுக்குப் பதில் ஷாஃப்ட், முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக மூன்று டிஸ்க். நீண்டதூரம் போகிறவர்களுக்கான வண்டி. டேங்க் மட்டும் 25 லிட்டர். இதே குடும்பத்து லே மான்ஸ் மாடலைப் போல ஆசைப்பட்டு விலையேற்றுகிறவர்கள் இதற்குக் குறைவு என்பது இன்னொரு சௌகரியம்.

இந்த அடிப்படை இன்ஜின் அமைப்பைக் கம்பெனி பல பத்தாண்டுகள் தொடர்ந்து தயாரித்ததால் உதிரிபாகம் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. பழைய இத்தாலிய வண்டி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். குதிரை சக்தியும் அழகும் அப்புறம். ஒரு ஆயில் சீலுக்காக ஒரு வருடம் காத்திருக்கும் வண்டிகள் உண்டு.

கொட்டகையில் பார்த்தது

பழைய பண்ணை வீடு. அப்பா வாங்கிய வண்டியை அவர் காலத்துக்குப் பின் மகள் விற்கிறார். நல்ல மனுஷி, எதையும் மறைக்கவில்லை. "பத்து வருஷமாக நிற்கிறது" என்றார். டயர் வேறு கதை சொன்னது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் தயாரிப்புக் குறி 2000-க்குப் பிறகு நான்கு இலக்கம். அதற்கு முன்பு மூன்று. இந்த இரண்டு டயரிலும் மூன்று இலக்கம்தான். அதற்காக அவர் சொன்னது பொய் என்று ஆகிவிடாது. கடைசிப் பத்து வருடம் யாரும் தொடவே இல்லை, அதற்கு முன்பு எப்போதாவது முற்றத்தில் தள்ளி நிறுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் கணக்குப் போட நமக்கு டயரின் வயதுதான் வேண்டும், குடும்பத்தின் நினைவு அல்ல.

அவர் அன்பாகக் காரை அருகில் கொண்டுவந்து நிறுத்தி, ஜம்ப் கேபிளையும் எடுத்து வைத்திருந்தார். நண்பர் வேண்டாம் என்றதும் கொஞ்சம் முகம் வாடியது. "ஓடுமா என்று பார்க்காமலா வாங்கப் போகிறீர்கள்?" நியாயமான கேள்விதான். நண்பர் சொன்ன பதிலும் எனக்குப் பிடித்திருந்தது: "ஓடும் என்று வைத்துக்கொண்டே விலை பேசுகிறேன், சிலிண்டர் போயிருக்கிறது என்றும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்."

டி3-யில் கிக்கர் கிடையாது. இன்ஜின் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, கியரை டாப்பில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். அதற்கு முன் பிளக் துளை வழியாக மெல்லிய எண்ணெய் விட்டு ஊற வைத்தோம். சக்கரத்தை அழுத்தியதும் இன்ஜின் லேசாகவே சுற்றியது. விற்றவருக்கு மகிழ்ச்சி. எங்களுக்கு அதில் பெரிய ஆறுதல் இல்லை. அந்தக் காலத்துக் கூட்ஸியில் இன்ஜின் லேசாகச் சுற்றுவதும் சிலிண்டர் நன்றாக இருப்பதும் வேறு வேறு.

காரணம் குரோம். அலுமினிய சிலிண்டருக்குள் இரும்பு லைனர் வைக்காமல், பிஸ்டன் ஏறி இறங்கும் துளையான போரின் சுவரில் நேரடியாகக் கடின குரோம் பூசியிருப்பார்கள். எடை குறைவு, சூடு சீக்கிரம் வெளியேறும், தேய்மானமும் குறைவு. தினம் ஓடும் வண்டிக்கு அருமையான ஏற்பாடு. நிற்கும் வண்டிக்கு அதே அளவு மோசம். ஈரக்காற்று குரோமின் நுண்ணிய விரிசல் வழியே இறங்கி அலுமினியத்தை அரித்தால், மேலே பளபளப்பு அப்படியே இருக்க, அடியில் பிடிப்பு போய்விடும். பிறகு ஓட்டும்போது பிஸ்டன் ரிங் தட்டி, குரோம் செதில் செதிலாக உரியும். குரோம் பூசிய அலுமினிய போர் வைத்த பிற கம்பெனி வண்டிகளுக்கும் இதே வியாதி உண்டு. பூச்சை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இத்தனை வருடம் அசையாமல் நிற்கப்போகிறது என்று நினைத்து யாரும் இன்ஜின் செய்வதில்லை.

ஃபோன் திரையில் படம் காட்டும் சிறிய போர்ஸ்கோப் கேமரா இப்போது மலிவாகவே கிடைக்கிறது. பிளக் துளை வழியாக இறக்கினோம். வலது போர் கண்ணாடி. இடது போரில், எக்ஸாஸ்ட் பக்கம், மிளகளவு கரும்புள்ளிகள் சில. ஒன்றின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. இன்ஜின் நின்ற நிலையில் இடது எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்திருக்க வேண்டும். சைலன்சர் வழியே வந்த ஈரம் அத்தனை குளிர்காலமும் அங்கேயே குடியிருந்திருக்கிறது.

படத்தை விற்றவரிடமும் காட்டினோம். விலை குறைந்தது. நாங்கள் அடித்துப் பேசவில்லை, படமே பேசிவிட்டது.

காகிதம்

மெக்கானிக் வேலையில் ஊறியவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள். இத்தாலியில் அப்படித் தாண்டினால் வரவேற்பறையில் வைக்க ஒரு சிற்பம் கிடைக்கும், வண்டி கிடைக்காது.

அங்கே வாகன உரிமையைப் பதிவுசெய்யும் ஏடு பி.ஆர்.ஏ. தொடர்ந்து மூன்று வருடம் சாலை வரி கட்டாத வண்டியை அலுவலகமே ஏட்டிலிருந்து நீக்கிவிடலாம். இந்த வண்டிக்கு நடந்தது அதுதான். நல்ல வேளையாக, லிப்ரெட்டோ என்கிற பதிவுப் புத்தகமும் பழைய நம்பர் பிளேட்டும் ஒரு டிராயரில் பத்திரமாக இருந்தன. பிளேட்டில் சிஓ, அதாவது கோமோ. மாண்டெல்லோ இப்போது லெக்கோ மாவட்டம்; ஆனால் லெக்கோ மாவட்டம் உருவானது 1992-இல். ஆகவே 1976-இன் வண்டிக்கு சிஓ இருப்பதுதான் சரி.

அசல் பிளேட்டும் காகிதமும் இருந்தால் அதே எண்ணோடு வண்டியை மீண்டும் ஏட்டில் சேர்க்க வழி உண்டு. இத்தாலிய மோட்டார் சைக்கிள் சம்மேளனமான எஃப்.எம்.ஐ.யின் வரலாற்றுப் பதிவேட்டில் 20 வயது கடந்த வண்டியைச் சேர்க்கலாம். அந்தச் சான்றிதழ் இந்த வேலைக்குக் கைகொடுக்கும். 30 வயது தாண்டிய தனியார் வண்டிக்கு வழக்கமான உரிமை வரி கிடையாது. சாலையில் ஓட்டினால் மட்டும் ஒரு சிறு கட்டணம். வண்டியின் ஃபிரேமில் பொறித்த எண்ணும் லிப்ரெட்டோவில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று துருவைத் துடைத்துப் பார்த்தோம். டி3 எண்கள் விடி என்று தொடங்கும். பக்கத்திலேயே டிஜிஎம் என்று தொடங்கும் அரசு ஒப்புதல் எண். இரண்டும் பொருந்தின. பொருந்தாவிட்டால் போர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பி வந்திருப்போம்.

கழற்றியது

முதலில் எண்ணெய். இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப் தட்டைக் கழற்றியபோது அடியில் கறுத்த களி. விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு மினுக்கம். காந்தத்தை வைத்துப் பார்த்தோம், ஒன்றும் ஒட்டவில்லை. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும். குரோமையோ அலுமினியத்தையோ பிடிக்காது. "காந்தத்தில் ஒன்றும் வரவில்லை, இன்ஜின் சுத்தம்" என்று சொல்பவரின் வண்டியில்தான் ஆபத்தான துகள் இருக்கும். களியை மண்ணெண்ணெயில் கரைத்து, காபி வடிகட்டும் தாளில் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தது.

அப்படியானால் பழைய ஓட்டத்திலேயே கொஞ்சம் உரியத் தொடங்கியிருக்கிறது. இப்போது கற்பனை செய்து பாருங்கள்: பல வருடம் நின்று களியான எண்ணெய், காய்ந்த பேரிங், தூக்கி நிற்கும் குரோம். கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தால் முதல் சில நொடி பேரிங்குக்கு எண்ணெயே போகாது. எண்ணெய் வரும்போது, அது கெட்டியாக இருப்பதால் ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்துகொண்டு, வடிகட்டாமலே உள்ளே விடும். அதோடு புதிதாக உரிந்த செதிலும் சேரும். ஷெல் பேரிங் மென்மையான உலோகம். குரோம் அதைவிடப் பல மடங்கு கடினம். துகள் ஷெல்லில் பதிந்துகொண்டு கிராங்கை அறுக்கும்.

டி3-யில் ஆயில் ஃபில்டர் சம்ப்புக்கு உள்ளேயே இருக்கும். மாற்ற வேண்டுமென்றால் தட்டு முழுவதையும் இறக்க வேண்டும், எனவே முந்தைய சொந்தக்காரர்கள் அதை மறந்துபோவது சகஜம். ஃபில்டர் உள்ளுக்குள்ளேயே கழன்று எண்ணெய் அழுத்தம் போன கதைகள் கூட்ஸிக்காரர்களிடம் நிறைய உண்டு. அதனால் பலர் ஃபில்டரைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளிப்பை இறுக்கி, கழன்று சுழல முடியாதபடி அதன் தலையை எதிலாவது முட்டவிட்டு வைப்பார்கள். அசிங்கமான வேலைதான், ஆனால் நாங்களும் செய்தோம்.

ஹெட், சிலிண்டர் இரண்டும் ஒரே மதியத்தில் வெளியே வந்தன. இடது போர் கேமராவில் பார்த்ததைவிட மோசம். வலதில் குறை எதுவும் தெரியவில்லை. பிக் எண்ட் மூடிகளைக் கழற்றிப் பார்த்ததில் ஷெல்லில் மெல்லிய கோடுகள், கிராங்கில் நகம் தடவினால் தட்டாத அளவுக்குத் தடம். ஒரு இன்ஜின் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார்கள், வரம்புக்குள்தான் இருந்தது. ஷெல்லும் கனெக்டிங் ராடு போல்ட்டும் புதிது. போல்ட் இறுக்கும்போது நீளுகிற வகை. பழையதை மறுபடி மாட்டுவது கஞ்சத்தனத்தில் சேர்த்தியில்லை, முட்டாள்தனத்தில் சேர்த்தி.

சிலிண்டருக்கு மூன்று வழி இருந்தது. பழையதைச் சுரண்டி நிக்கல் பூச்சு ஏற்றுவது. உள்ளே இரும்பு லைனர் இறக்குவது. புது சிலிண்டரும் பிஸ்டனும் வாங்குவது. லைனர் மலிவு. ஆனால் இரும்பும் அலுமினியமும் ஒரே அளவில் விரிவதில்லை, காற்றில் குளிரும் இன்ஜினில் அது நாள்பட வேலையைக் காட்டும் என்பது என் அபிப்பிராயம். மறுபூச்சு நல்ல வழி. பிஸ்டன் நல்ல நிலையில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். இங்கே இடது பிஸ்டனில் கீறல். கூட்ஸிக்கு சிலிண்டர் செய்துவரும் ஜிலார்டோனி நிறுவனம் மாண்டெல்லோவிலேயே இருக்கிறது. 80-களின் தொடக்கத்தில் கூட்ஸி குரோமை விட்டு நிகுசில் பூச்சுக்கு மாறியது. நிக்கலுக்குள் சிலிக்கான் கார்பைடு துகள் கலந்த பூச்சு அது, குரோமைப் போல ஏடு ஏடாக உரிவதில்லை. அந்தச் சிலிண்டர், பிஸ்டனோடு ஜோடியாக வருகிறது. அதையே எடுத்தார்.

வலது போர் நன்றாகத்தானே இருக்கிறது, ஒன்று மட்டும் வாங்கினால் போதாதா என்று நண்பர் ஒரு வாரம் யோசித்தார். ஒரு பக்கம் குரோம், ஒரு பக்கம் நிகுசில், எடை வேறான பிஸ்டன்; ஆடிக்கொண்டே ஓடும். தவிர, இடது போன பாதையில் வலது எத்தனை தூரம் போயிருக்கிறது என்று மேலேயிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் மாற்றினார்.

பஞ்சாரத்தைத் தூக்கினால்

டிரை கிளச் இறுகி ஒட்டியிருந்தது. லீவரை எவ்வளவு பிடித்தாலும் விடவில்லை. ஓடும் வண்டியாக இருந்தால் சூடாக்கி, கியரில் தள்ளி விடுவிக்கப் பார்ப்பார்கள். இன்ஜின் பாதி கழன்று கிடக்கும்போது அது முடியாது. தவிர, கிராங்கின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் பின் மெயின் சீலும் வியர்த்திருந்தது. எப்படியும் கியர்பாக்ஸ் பிரிய வேண்டும்.

இங்கே டோன்ட்டியின் சட்டத்துக்கு ஒரு வார்த்தை. வண்டியைத் தாழ்வாக்க அவர் குழாய்களை இன்ஜினை ஒட்டி இறுக்கிக் கொண்டுவந்தார். அந்த இடுக்கில் இன்ஜினை எப்படி எடுப்பது? கீழ்க் குழாய்கள் இரண்டையும் போல்ட் போட்டுக் கழற்றும்படி வைத்துவிட்டார். அவற்றை எடுத்துவிட்டு, ஒயரிங்கையும் கேபிளையும் விடுவித்து, சட்டத்தின் பின்பகுதியை இருவர் பிடித்து மேலே தூக்கினால், பஞ்சாரத்தைத் தூக்கியதும் கோழி நிற்பதுபோல இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாகத் தரையில் நிற்கும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய வடிவமைப்பில் பராமரிக்கிறவனை இவ்வளவு நினைத்துப் பார்த்த இடம் எனக்கு வேறு தெரியாது. இன்றைய வண்டியில் ஏர் ஃபில்டரைத் தொட என்னவெல்லாம் கழற்ற வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

கிளச் தட்டுகள் துருவால் மட்டுமே ஒட்டியிருந்தன. உராய்வுப் பரப்பில் தேய்மானம் இல்லை. சுத்தம் செய்து அவற்றையே போட்டார். சீல், யூனிவர்சல் ஜாயின்ட் மேல் உள்ள ரப்பர் உறை புதிது. பின் டிரைவில் பழைய எண்ணெய் நன்றாகவே இருந்தது, இருந்தாலும் மாற்றியாயிற்று.

பிரேக்

டி3-யின் பிரேக் கொஞ்சம் விசேஷமானது. கால் பெடலை மிதித்தால் பின் டிஸ்க்கும் முன் இடது டிஸ்க்கும் சேர்ந்து பிடிக்கும். கை லீவருக்கு முன் வலது டிஸ்க் மட்டும். அதனால் பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர் ஒன்று கெட்டால் மூன்றில் இரண்டு பிரேக் போச்சு. அந்த மாஸ்டர் சிலிண்டர் பக்கவாட்டு மூடிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் பார்வைக்கு வராது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; இத்தனை வருடத்தில் அது தேன் நிறத்துக்கு மாறி, காலிப்பர் பிஸ்டனைத் துருவோடு கட்டிவிட்டிருந்தது. பிரெம்போ காலிப்பருக்கு சீல் செட் எளிதாகக் கிடைக்கிறது. ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதியிருக்கும்: மிதித்தால் அழுத்தம் போகும், விட்டால் திரும்பாது, பிரேக் பிடித்தபடியே நிற்கும். எல்லாவற்றையும் எஃகு வலை சுற்றிய ஹோஸாக மாற்றினார். வார்ப்பிரும்பு டிஸ்க்கில் இருந்த துரு, நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் போய்விட்டது.

இந்த இணைப்பைத் துண்டித்து, கை லீவருக்கே இரண்டு முன் டிஸ்க்கையும் கொடுக்கிறவர்கள் பலர். நண்பரையும் சிலர் அப்படித்தான் செய்யச் சொன்னார்கள். அவர் விட்டுவைத்தார், சரியாகவே செய்தார். ஈரச் சாலையில் பெடலை மட்டும் மிதித்து நிதானமாக நிற்கும் வண்டி அது. அதைப் பிரித்தால் வேறு வண்டி ஆகிவிடும்.

டேங்க், கார்புரேட்டர், ஒயரிங்

பழைய பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் பிசினாகி டேங்க் அடியில் கிடந்தது. வார்னிஷ் வாடை. சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, சோடா நீரில் கழுவி, சூட்டுக் காற்றில் உலர்த்தினோம். உள்ளே பூசும் சீலர் எதையும் ஊற்றவில்லை. அது உரிய ஆரம்பித்தால் டேங்கே வீண். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊதவைக்கும், நிற்கும்போது ஈரத்தையும் இழுக்கும். நம் ஊரில் இப்போது 20 சதவீதக் கலப்பு வந்துவிட்டதால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டெல்லோர்ட்டோ விஹெச்பி 30 கார்புரேட்டர் இரண்டும் எளிய ஜாதி. அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு எடுத்து, பைலட் ஜெட் துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, வெடித்த இன்டேக் ரப்பரை மாற்றியதோடு முடிந்தது.

ஒயரிங்கில் ஒரு விஷயம் மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்ஜினின் முன் மூக்கில் இருப்பது போஷ் ஆல்டர்னேட்டர். அதன் ரோட்டாரில் காந்தம் கிடையாது; முதலில் சுருளுக்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால்தான் அது உற்பத்தியைத் தொடங்கும். அந்தக் கொஞ்சம் மின்சாரம் வருவது டாஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் விளக்கு வழியாக. அந்தச் சின்ன பல்பு எரிந்துபோனாலோ அதன் ஹோல்டர் துருப்பிடித்தாலோ சார்ஜே ஆகாமல் போகலாம். வண்டி ஓடும், பேட்டரி மெல்லச் சாகும், சொந்தக்காரர் ஆல்டர்னேட்டரையும் டயோடு பலகையையும் ரெகுலேட்டரையும் வரிசையாக வாங்கி மாட்டுவார். இந்த வண்டியின் பெட்டியில் பழைய ரெகுலேட்டர் ஒன்று தனியாகக் கிடந்ததைப் பார்த்தால், முன்பு யாரோ அந்தப் பாதையில் கொஞ்ச தூரம் போயிருக்கிறார்கள். சாவியைத் திருப்பினோம், சிவப்பு விளக்கு எரியவில்லை. புது பல்பு, சுத்தம் செய்த ஹோல்டர், புது எர்த் கம்பி. சார்ஜ் வந்துவிட்டது.

இக்னிஷன் பாயிண்ட் இரண்டு செட், சிலிண்டருக்கு ஒன்று. கியர்பாக்ஸ் ஒட்டும் உறையின் வலப்பக்கம் ஒரு ரப்பர் மூடி. அதைத் திறந்தால் ஃபிளைவீலில் வலதுக்கு டி, இடதுக்கு எஸ் குறிகள். ஒரு பல்பை மாட்டிக்கொண்டு டைமிங் வைத்துவிடலாம். எலக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொன்னேன், நண்பர் கேட்கவில்லை. பாயிண்டும் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, அதனால் நானும் விட்டுவிட்டேன்.

முதல் ஓட்டம்

பிளக் இல்லாமல், ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றி, ஆயில் விளக்கு அணையும் வரை காத்திருந்தோம். அது அணைந்த பிறகுதான் பிளக்கும் பெட்ரோலும். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் இடையே விடுவது) தொழிற்சாலைக் கையேட்டில் இரண்டுக்கும் 0.22 மிமீ. இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 என்று வைப்பவர்களும் நிறைய உண்டு, சத்தம் குறையும். புது சிலிண்டர் என்பதால் கையேட்டுப்படியே வைத்தோம். ஸ்டார்ட் ஆனது. வேகத்தைக் கூட்டும்போது வண்டி முழுவதும் வலப்பக்கம் லேசாகச் சாயும். நீளவாக்குக் கிராங்கின் குணம் அது, புதியவர்கள் பயப்பட வேண்டாம். ஆறியதும் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, டேப்பட்டை மறுபடி பார்த்தோம். சிறிது தூரம் ஓட்டிய பின் அந்த எண்ணெயை முழுக்க வடித்து, ஃபில்டரை வெட்டிப் பார்த்தோம். ரிங் உட்கார்ந்த மெல்லிய சாம்பல் பூச்சு மட்டும். மினுக்கம் இல்லை.

பெயின்ட்டைத் தொடவில்லை. டேங்கில் விற்றவருடைய அப்பாவின் முழங்கால் உரசித் தேய்ந்த இடம் அப்படியே இருக்கிறது. குரோம் வளையங்களில் துருப்புள்ளி இருக்கிறது. பளபளவென்று ஆக்கியிருந்தால் விலை ஏறியிருக்கும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இப்போதெல்லாம் கைபடாத வண்டியைத்தான் தேடுகிறார்கள். பெயின்ட் வேலையின் செலவு திரும்பி வருவதும் அரிது.

செலவைப் பார்த்தால், உதிரிபாகமும் பட்டறைக் கூலியும் சேர்ந்து வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. அதில் பெரிய பங்கு சிலிண்டருக்கு, அடுத்தது பிரேக்குக்கு, அப்புறம் டயருக்கு. எங்கள் நேரத்துக்கு விலை போடவில்லை. போட்டால் கணக்கே உடைந்துவிடும். மொத்தத்தில் இதே பணத்துக்கு ஓடும் நிலையில் ஒரு டி3 வாங்கியிருக்கலாம். பணத்தை மிச்சப்படுத்தத்தான் நின்ற வண்டி வாங்கப்போகிறேன் என்பவருக்கு என் பதில், வேண்டாம். இன்ஜினின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த வண்டிதான் வேண்டும், அதற்குச் செலவு செய்யத் தயார் என்பவர் வேறு கணக்கு. ஓடும் நிலையில் விற்கும் வண்டியிலும் குரோம் சிலிண்டர் அப்படியே இருக்கலாம் அல்லவா? அதை யாரும் திறந்து காட்டமாட்டார்கள்.

தொழில்நுட்பச் சோதனையில் தேறி, சிஓ பிளேட்டோடு வண்டி இப்போது சாலையில் இருக்கிறது. மிச்சம் இருப்பது முன் ஃபோர்க். இந்தக் கூட்ஸிகளின் ஃபோர்க்கில், ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் டேம்பர் மூடி அடைத்த தனிக் குப்பியாக உள்ளே இருக்கும்; வெளியே ஊற்றுகிற எண்ணெய் மசகுக்கு மட்டும்தான், எத்தனை கெட்டியாக ஊற்றினாலும் செத்த டேம்பர் உயிர்பெறாது. வளைவில் முன்புறம் இன்னும் குதிக்கிறது. இரண்டு புது டேம்பருக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. வந்ததும் ஸ்டியரிங் பேரிங்கையும் சேர்த்துக் கழற்றிப் பார்ப்பதாக இருக்கிறோம்.